எரியாத மீட்டர்

வழியில் பழுதாகி நின்ற ஒரு மோட்டார் சைக்கிளைத் தன் மீட்பு வண்டியில் ஏற்றிக் கட்டி முடிக்க அவருக்குப் பதினோரு நிமிடம் பிடிக்கும். மற்ற மீட்பு வண்டிக்காரர்கள் அதே வேலையை ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டு டீக்கடைக்குப் போய்விடுவார்கள்.

அவர்கள் பைக்கைப் பக்கவாட்டு ஸ்டாண்டிலேயே நிறுத்தி, ஹேண்டில்பாரில் இரண்டு கயிறு போட்டு இழுத்துக் கட்டுவார்கள். இவர் முதலில் ஸ்டாண்டை மடக்குவார். கயிற்றின் இழுப்பும் வண்டியின் எடையும் சேர்ந்தால் ஸ்டாண்டு வளைந்துவிடும். முன்சக்கரத்தை இரும்புக் கவ்விக்குள் செலுத்தி, நான்கு மூலையிலும் பெல்ட் மாட்டி, முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் மூன்றில் ஒரு பங்கு அமுங்கும் வரை இறுக்குவார். அதற்குக் குறைந்தால் வேகத்தடையில் வண்டி துள்ளும். அதற்கு மேல் போனால் ஆயில் சீல் கசியும். பெல்ட்டின் கொக்கி பெயின்ட்டில் படாமல் இருக்க, பழைய கார்களின் சீட் பெல்ட்டை வெட்டித் தைத்த வளையங்களை இடையில் போடுவார். அந்த வளையங்களைத் தைத்துக் கொடுத்தது அவர் மனைவி. வீட்டின் முன்னறையில் பைக்குகளுக்கு சீட் கவர் தைப்பது அவள் தொழில்.

இதையெல்லாம் அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. தொழிலுக்கு வந்த முதல் மாதம் ஒரு வளைவில் பைக் ஒன்று மீட்பு வண்டியின் தட்டிலேயே சாய்ந்தது. அதன் சொந்தக்காரர் சண்டை போடவில்லை. பெட்ரோல் டேங்கில் விழுந்த பள்ளத்தை உள்ளங்கையால் தடவிக்கொண்டே நின்றார். திட்டியிருந்தால் இவர் மறந்திருப்பார், தடவியதை மறக்க முடியவில்லை. அன்று முதல் ஏற்றும் ஒவ்வொரு பைக்கையும் ஒரு நோட்டில் எழுதி வருகிறார். என்ன வண்டி, எவ்வளவு ஓடியது, என்ன கோளாறு, எங்கே பெல்ட் போட்டது. ஒன்பது நோட்டு நிரம்பிவிட்டது. ஊரில் எல்லோருக்கும் அவர் பெல்ட்டண்ணன்.

நான்கு வருடம் காத்திருந்து ‘வழித்துணை’ பட்டியலில் அவர் இடம் பிடித்தார். வழித்துணை என்பது மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர்களுக்காக ஒரு கம்பெனி நடத்தும் காப்புத் திட்டம். வழியில் வண்டி நின்றுவிட்டால் போன் செய்யலாம். பட்டியலில் உள்ள மீட்பு வண்டி வந்து, இருபத்தைந்து கிலோமீட்டருக்குள் இருக்கும் பட்டறைக்கு பைக்கை ஏற்றிப் போகும். பைக்கை மட்டும்தான். ஓட்டி வந்தவர் தன் வழியைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும். பெல்ட்டண்ணன் எல்லோரையும் தன் பக்கத்து சீட்டில் உட்கார வைத்துத்தான் கூட்டிப் போவார். கம்பெனி அதைக் கேட்டதில்லை, இவரும் சொன்னதில்லை.

அவருடைய வண்டியின் தட்டு தாழ்வானது. இரு சக்கர வண்டிக்கென்றே அவர் யோசித்து யோசித்து வெல்டிங் வைத்துச் செய்தது. அதில் கார் ஏறாது, மூட்டை ஏற்றவும் லாயக்கில்லை. பட்டியலில் பெயர் இருக்கும் வரைதான் அது வண்டி. இல்லாவிட்டால் சக்கரம் வைத்த கட்டில்.

பட்டியலுக்கு ஒரு விதி உண்டு. ‘தேவையற்ற பயணம்’ என்ற குறிப்பு ஒரே வருடத்தில் மூன்று விழுந்தால் பெயரை எடுத்துவிடுவார்கள். மறுபடி சேர வேண்டுமானால் வரிசையின் கடைசியில் போய் நிற்க வேண்டும்.

பெல்ட்டண்ணனுக்கு இரண்டு விழுந்துவிட்டது. இரண்டுக்கும் காரணம் ஒரே மாதிரியான போட்டோ.

ஒவ்வொரு பயணத்துக்கும் கம்பெனியின் ஆப்பில் நான்கு படம் ஏற்ற வேண்டும். முன்பக்கம், பின்பக்கம், நம்பர் பிளேட், பிறகு எவ்வளவு ஓடியிருக்கிறது என்று காட்டும் மீட்டர். நான்காவது படத்துக்குக் கீழே ஒரு கட்டம் இருக்கும். மீட்டரில் தெரியும் எண்ணை அதில் அடிக்க வேண்டும். மீட்டரில் முள் இருந்த காலத்தில் இது பெரிய விஷயமில்லை. இப்போது வரும் பைக்குகளில் மீட்டர் ஒரு சின்ன டிவி மாதிரி. பேட்டரி செத்தால் அதுவும் கறுத்துப் போகும். வழியில் நிற்கும் பைக்குகளில் பாதி, பேட்டரி செத்ததால் நிற்பவை.

அதற்கும் அவர் ஒரு வழி செய்தார். உடைத்துப் போட்ட ஸ்கூட்டரிலிருந்து ஒரு பேட்டரியை எடுத்து மரப்பெட்டியில் பொருத்தினார். பெட்டிக்குக் கைப்பிடி மனைவி தைத்தது. இரண்டு வயரைக் கொடுத்தால் செத்த பைக்கின் மீட்டர் எரியும். எண்ணைப் படம் பிடித்துவிட்டு வயரைக் கழற்றிவிடுவார். பட்டியலில் இருந்த பதினேழு பேரில் இவ்வளவு சிரமப்பட்டவர் அவர் ஒருவர்தான்.

முதல் குறிப்பு ஒரு பேக்கரிக்காரரின் பைக்கால் வந்தது. ஏற்றி, இறக்கி, ஒரு வாரம் கழித்துக் கடிதம்: ‘படத்தில் மீட்டர் எரிகிறது. எனவே வண்டிக்கு மின்சாரம் உள்ளது. எனவே வண்டி ஓடும். ஏற்றி வந்தது தேவையற்றது.’

இரண்டாவது ஒரு டீச்சரின் பைக்கால். எரிந்த மீட்டரைப் படத்தில் பார்த்ததும் கம்பெனியின் உதவி மையத்திலிருந்து போன் வந்தது. உங்கள் பேட்டரியை வைத்தே வண்டியைக் கிளப்பி அனுப்பிவிடுங்கள் என்றார்கள். சார்ஜ் ஏற்றும் பாகமே கருகிவிட்டது, கொஞ்ச தூரம் போய் நின்றுவிடும் என்று இவர் மூன்று முறை சொன்னார். கிளப்புங்கள் என்று நான்கு முறை சொன்னார்கள். பத்து நிமிடம் வயரைக் கொடுத்துக் கிளப்பினார். டீச்சர் நன்றி சொல்லிவிட்டுப் போனார். இரண்டு கிலோமீட்டர் தாண்டி, நாற்சந்தியின் நட்ட நடுவில் வண்டி நின்றது. இவர் மனசு கேட்காமல் பின்னாலேயே போயிருந்ததால் ஏற்றிக்கொண்டார். குறிப்பு வந்தது: ‘ஒரே வண்டிக்கு இரண்டு பயணம். இரண்டாவது தேவையற்றது.’

“நாயைக் கண்டா கல்லைக் காணோம், கல்லைக் கண்டா நாயைக் காணோம்” என்றார் அன்று மனைவியிடம். “மீட்டர் எரியலன்னா போட்டோ இல்லைங்கறான். எரிய வச்சா கோளாறே இல்லைங்கறான்.”

“மத்த பதினாறு பேருக்கும் இந்தக் கல்லும் நாயும் இல்லையா?” என்று அவள் தையல் மிஷினை நிறுத்தாமலே கேட்டாள்.

அது நல்ல கேள்வி என்று அவருக்குப் பட்டது. அடுத்த வாரம் ஒரு பட்டறை வாசலில், எப்போதும் கறுப்புக் கண்ணாடி போட்டுத் திரியும் இன்னொரு மீட்பு வண்டிக்காரரிடம் கேட்டார். ஊர் அவரைக் கூலிங் கிளாஸ் என்றுதான் கூப்பிடும்.

கூலிங் கிளாஸ் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். “அண்ணே, நெசமாவா கேக்கறீங்க? கறுப்பா இருக்கற மீட்டர அப்படியே படம் புடிங்க. கட்டத்துல பூஜ்யம் போடுங்க. முடிஞ்சுது.”

“பூஜ்யமா?”

“படத்துலயும் நம்பர் இல்ல, கட்டத்துலயும் நம்பர் இல்ல. ரெண்டும் ஒன்னா இருக்கா, கம்ப்யூட்டரு கண்ண மூடிக்கும். நாங்க எல்லாரும் அதான் பண்றோம். நீங்க பெட்டிய தூக்கிட்டு அலையறதப் பாத்து, ஏதோ நேர்த்திக்கடன்னு நெனச்சோம்.”

“முப்பதாயிரம் ஓடின வண்டிய ஓடவே இல்லன்னு எப்படிய்யா எழுதறது?”

“வண்டி வந்து சண்டை போடுமா?” என்று சொல்லிவிட்டுக் கூலிங் கிளாஸ் கண்ணாடியை இறக்கிக்கொண்டார்.

அன்றிலிருந்து பெல்ட்டண்ணன் இரண்டுங்கெட்டானாக இருந்தார். பெட்டியைத் தொடவும் பயம். பூஜ்யம் போடவும் கை வரவில்லை. நல்ல வேளையாகப் பதினைந்து நாளுக்கு வந்ததெல்லாம் பஞ்சரும், அறுந்த செயினும், பெட்ரோல் தீர்ந்ததும்தான். மீட்டர் தானாகவே எரிந்தது. வருடம் முடிய இன்னும் ஐந்து வாரம் இருந்தது.

“அஞ்சு வாரம் ஊரோட ஒத்துப் போங்க” என்றாள் மனைவி, அன்று காலை டிபன் பாக்ஸை நீட்டியபடி. “அப்புறம் உங்க இஷ்டம் போல அரிச்சந்திரனா இருங்க.”

“அரிச்சந்திரன்லாம் இல்ல. எழுதறது சரியா இருக்கணும். அவ்வளவுதான்.”

“சரியா எழுதி என்ன கெடைச்சுது? ரெண்டு குறிப்பு.”

அவர் பெல்ட்டுகளை எண்ணுவது போல் பாவனை செய்துகொண்டு கிளம்பினார்.

பதினோரு மணிக்கு அழைப்பு வந்தது. மேம்பாலம் இறங்கும் இடத்தில் ஒரு பைக். போய்ப் பார்த்தபோது, பாலத்தின் சுவருக்கும் சாலைக்கும் நடுவே ஒரு முழ அகலத்தில் பைக்கை ஒட்டினாற்போல் ஒரு பெண் நின்றிருந்தார். நாற்பது வயது இருக்கும். தோளில் நீளப் பை, கையில் டார்ச். தண்ணீர் வாரியத்தில் வீடு வீடாகப் போய் மீட்டர் கணக்கெடுப்பவர்.

“சீக்கிரம் வந்தீங்கண்ணே. ஒவ்வொரு பஸ்ஸும் என் காதுக்குள்ள பூந்து அந்தக் காது வழியா போகுது.”

பெல்ட்டண்ணன் தன் வண்டியைப் பின்னால் குறுக்காக நிறுத்தி, விளக்குகளை மினுக்க விட்டு, சிவப்புக் கூம்புகளை வைத்தார். சாவியைத் திருகினார். ஒன்றும் இல்லை. மீட்டர் கறுப்பாக இருந்தது. சீட்டைக் கழற்றி மூக்கை வைத்தார். கருகிய வாடை.

“சார்ஜர் போயிருக்கும்மா. பேட்டரியும் காலி. ஏத்தித்தான் ஆகணும்.”

“ஏத்துங்கண்ணே, அதுக்குத்தானே கூப்பிட்டேன்.”

மூன்று படம் எடுத்தார். நான்காவதற்கு வந்ததும் கை நின்றது. வண்டிக்குள் சீட்டுக்கடியில் பேட்டரிப் பெட்டி இருந்தது. அதை ஒரு முறை பார்த்தார். மீட்டரை ஒரு முறை பார்த்தார்.

“என்னண்ணே?”

“இது எவ்வளவு ஓடியிருக்குன்னு தெரியணும். எரிய மாட்டேங்குது.”

“அவ்வளவுதானா?” அவர் பையிலிருந்து நீளமான நோட்டை எடுத்தார். “எங்க ஆபீஸ்ல தினம் காலைல வண்டி மீட்டரையும் எழுதணும். பாருங்க. இன்னைக்கு, நாப்பத்தோராயிரத்து முந்நூத்தி எண்பத்தாறு. வீட்லேருந்து இங்க ஆறு கிலோமீட்டர். முந்நூத்தித் தொண்ணூத்திரண்டு போடுங்க.”

நோட்டின் பக்கத்தில் ஒவ்வொரு நாளும் ஒரே அளவு இடைவெளி விட்டு, ஒரே பேனாவில், எண்கள் வரிசையாக நின்றன. அடித்தல் இல்லை. தன் நோட்டைப் போலவே ஒரு நோட்டை வேறொருவர் கையில் அவர் பார்த்ததில்லை. பதினைந்து நாளாக நெஞ்சில் இருந்த கல் இறங்கியது. பெட்டியும் வேண்டாம், பூஜ்யமும் வேண்டாம். கறுத்த மீட்டரைப் படம் பிடித்து, கட்டத்தில் 41392 என்று அடித்து அனுப்பினார்.

ஒரு நிமிடத்தில் போன் அடித்தது. உதவி மையத்துப் பெண்.

“அண்ணா, படத்துல மீட்டர் எரியல. ஆனா கட்டத்துல நம்பர் இருக்கு. நம்பர் எப்படித் தெரிஞ்சுது?”

“அவங்க நோட்டுல எழுதி வச்சிருக்காங்கம்மா.”

“அப்போ அவங்க பாக்கறப்ப மீட்டர் எரிஞ்சிருக்கு.”

“காலைல எரிஞ்சுதும்மா! காலைல வண்டியும் ஓடுச்சு!”

“எரிஞ்சா கரண்ட் இருக்குன்னு அர்த்தம்ணா. உங்க பேர்ல இதே மாதிரி முன்னாடியே ரெண்டு இருக்கு. நம்பரும் படமும் ஒத்துப் போகலன்னா நான் ரிஜெக்ட் பண்ணணும். பண்ணா உங்களுக்கு மூணாவது விழுந்துடும். அதான் பண்றதுக்கு முன்னாடி கூப்பிட்டேன்.”

“நோட்டையே படம் புடிச்சு அனுப்பறேன்.”

“நோட்டுக்குக் கட்டம் இல்லண்ணா.”

“உங்க பெரியவர் யாராவது இருந்தா குடும்மா.”

கொஞ்ச நேரம் ஏதோ இசை கேட்டது. பஸ் ஒன்று உரசிக்கொண்டு போனது. மீட்டர்க்காரம்மா சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார். பிறகு சூப்பர்வைசரின் குரல் வந்தது.

“என்னங்க, உங்ககூட மட்டும் ஏன் இந்த ரோதனை?”

“சார், அந்த இடத்துல ‘மீட்டர் எரியவில்லை’ன்னு ஒரே ஒரு கட்டம் வையுங்க. நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன்.”

“மேல சொல்றேன்.”

“போன தடவையும் மேலதான் சார் சொன்னீங்க.”

“எனக்கும் மேலங்க அது. கட்டம் வைக்கறவன் யாருன்னு எனக்கே தெரியாது. பூஜ்யம் போட்டுட்டுப் போங்களேன். எல்லாரும் போடறாங்க.”

“பொய்யின்னு தெரிஞ்சே சொல்றீங்களா சார்?”

“பொய்யின்னு யாரு சொன்னா? தெரியாதுன்னு அர்த்தம்.”

“எனக்குத்தான் தெரியுமே சார்!”

அவர் கத்தியதில் மேம்பாலத்துக்கு அடியில் நின்ற இரண்டு பேர் அண்ணாந்து பார்த்தார்கள். சூப்பர்வைசர் போனைப் பெண்ணிடமே கொடுத்துவிட்டார். அவள் குரலைத் தாழ்த்திப் பேசினாள். “அண்ணா, உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். நானே இங்க பூஜ்யம்னு மாத்திடறேன். நீங்க போட்டதா இருக்காது.”

அவர் போனைக் காதிலிருந்து கொஞ்சம் விலக்கினார். மீட்டர்க்காரம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றார்.

“பூட்டின வீடுன்னா நாங்க சராசரி போடுவோம்ணே” என்றார். “பூஜ்யம் போட விட மாட்டாங்க. பூஜ்யம்னா அந்த வீட்ல மனுஷங்களே இல்லன்னு ஆயிடும்.” பிறகு, இன்னொரு பஸ் கடந்ததும், முகத்தில் படிந்த தூசியைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “ஆனா இங்க நிக்க முடியலண்ணே. போட்டுடுங்க. வண்டி என்னோடது, நான் சொல்றேன்.”

பட்டியலிலிருந்து தன் பெயர் போவது மட்டும்தான் பிரச்சினை என்றால் இன்னும் அரை மணி நேரம் அவர் வாதாடியிருப்பார். அந்த ஒரு முழ அகலத்தில் ஒருவரை நிற்க வைத்துக்கொண்டு வாதாட முடியவில்லை.

“வேண்டாம்மா, நீ மாத்தாத” என்றார் போனில். “நானே போடறேன். என் கையால போட்டதாவே இருக்கட்டும்.”

கட்டத்தைத் திறந்து எண்ணை அழித்தார். பூஜ்யம் ஒன்றை அடித்தார். ஏற்கவில்லை. குறைந்தது ஐந்து இலக்கம் வேண்டுமாம். ஆள்காட்டி விரலால் இன்னும் நான்கு முறை அழுத்தினார். அனுப்பிய மறு கணம், பச்சை நிறத்தில் ஒரு வரி வந்தது: ‘அனுமதிக்கப்பட்டது. துல்லியமான விவரத்துக்கு நன்றி!’

அதை மீட்டர்க்காரம்மாவிடம் காட்டினார். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இவருக்கு வரவில்லை.

பைக்கைத் தட்டில் ஏற்றினார். ஸ்டாண்டை மடக்கினார். அவ்வளவு எரிச்சலிலும் வளையங்களைப் போடாமல் விடவில்லை. ஃபோர்க்கை இறுக்கும்போது மட்டும் ஒரு பல் அதிகமாக இறுக்கிவிட்டு, தன்னையே திட்டிக்கொண்டு தளர்த்தினார். மொத்தம் பன்னிரண்டு நிமிடம்.

பட்டறைக்குப் போகும் வழியெல்லாம் மீட்டர்க்காரம்மாதான் பேசினார். இன்று பார்க்க வேண்டிய தெருவில் இருபத்தெட்டு வீடு பாக்கி, அதில் மூன்று வீட்டில் நாய். “நாய் இருக்கற வீட்டுக்கு மட்டும் ஒரு கட்டம் வச்சாங்கன்னா நல்லா இருக்கும்” என்றார். இவர் உதட்டோரம் கொஞ்சம் அசைந்தது.

பட்டறையில் மெக்கானிக் கருகிய பாகத்தை வெளியே எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு, சோதிப்பதற்காகத் தன் பேட்டரியை மாட்டினார். பெல்ட்டண்ணனின் வேலை அதோடு முடிந்திருந்தது. ஆனாலும் அவர் போகவில்லை.

“சாவியைக் கொஞ்சம் திருகு” என்றார்.

மீட்டர் எரிந்தது. 41391.

மீட்டர்க்காரம்மா குனிந்து பார்த்தார். முகம் சுருங்கியது. “ஒன்னு தப்பிடுச்சே! பாலத்த முழுசா ஒரு கிலோமீட்டர்னு வச்சுட்டேன்.” உடனே தன் நோட்டை எடுத்துக் குறித்துக்கொண்டார். “சாரிண்ணே. தப்பான நம்பருக்காக அவ்வளவு சண்டை போட வச்சுட்டேன்.”

“பூஜ்யத்தை விட இது நெசத்துக்கு எவ்வளவோ பக்கம்மா” என்றார் அவர்.

மெக்கானிக்குக் கதை தெரியாது. இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். “அண்ணே, ஒரு நம்பருக்கா ரெண்டு பேரும் மூஞ்ச இப்படி வச்சிருக்கீங்க? வண்டி சாயந்திரம் ஓடிடும்.”

பெல்ட்டண்ணன் வண்டிக்குப் போய்த் தன் பத்தாவது நோட்டை எடுத்து எழுதினார். என்ன வண்டி, சார்ஜர் கருகியது, 41391. எழுதிவிட்டு, அந்த எண்ணுக்குப் பக்கத்தில் ஐந்து பூஜ்யங்களையும் எழுதினார். ‘அனுப்பியது’ என்று அதன் கீழே குறித்தார். பத்து நோட்டிலும் ஒரு வண்டிக்கு இரண்டு எண் எழுதியது அன்றுதான். பக்கம் அசிங்கமாகத் தெரிந்தது. கிழிக்கலாமா என்று ஒரு நிமிடம் பார்த்துவிட்டு மூடினார்.

மாலையில் வீட்டுக்கு வந்ததும் பெல்ட்டுகளை முன்னறை மூலையில் எறிந்தார். மனைவி தையலை நிறுத்தினாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் பெல்ட்டைச் சுருட்டாமல் வைத்து அவள் பார்த்ததில்லை.

“பேர எடுத்துட்டாங்களா?”

“இல்ல. இருக்கு.”

“அப்புறம் ஏன் இந்தக் கோவம்?”

“பூஜ்யம் போட்டேன். அஞ்சு.”

“அஞ்சா? ஒன்னு போதாதா?”

“கட்டம் அஞ்சு கேக்குது.”

அவள் சிரித்துவிடுவாள் போலிருந்தது. அவர் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டாள். “நான்தான் போடச் சொன்னேன்” என்றாள். “போடச் சொன்னேனே தவிர, போட்டுட்டு வந்து இப்படி உக்காருவீங்கன்னு தெரியாது.”

போன் ஒலித்தது. அடுத்த அழைப்பு. பேக்கரி இருக்கும் தெருவில் ஒரு பைக், மீட்டர் எரியவில்லையாம். பட்டியலில் முதலில் இவர் பெயர்தான் காட்டியது. இரண்டு நிமிடத்துக்குள் ஏற்காவிட்டால் அடுத்த பெயருக்குப் போய்விடும்.

அவர் மூலைக்குப் போய்க் குந்தினார். சிக்கிக் கிடந்த பெல்ட்டுகளைப் பிரித்தார். ஒவ்வொன்றையும் கொக்கி உள்ளே வருமாறு இறுக்கிச் சுருட்டினார். நான்காவதைச் சுருட்டும்போது போனைப் பார்த்தார். இன்னும் இருபது நொடி இருந்தது.

“போட்டுத் தொலைப்பேன்” என்றார், யாரிடம் என்று இல்லாமல். “அஞ்சு வாரம் போட்டுத் தொலைப்பேன். ஆனா பெட்டி வண்டியிலதான் இருக்கும். எரிய வச்சு நோட்டுல எழுதிக்கிட்டு, அணைச்சிட்டு, அவனுக்குப் பூஜ்யம் அனுப்பறேன்.”

“ரெண்டு வேலையா?” என்றாள் மனைவி.

“ரெண்டு வேலைதான்” என்று எரிச்சலோடு சொல்லிவிட்டு, பச்சைப் பொத்தானை அழுத்தினார்.